முந்திப் பிறந்த பனியன்

அத்தியாயம் 4

ராஜுலுவின் நெஞ்சில் எழுதியிருந்ததைப் படித்ததும் பாத்திமுத்து, வாய்வரை கொண்டுபோன வடையைத் தட்டிலேயே வைத்துவிட்டாள்.

"கழட்டு அதை."

"அக்கா, வேலைக்குச் சேரும்போது இப்படியெல்லாம் கேக்க மாட்டேன்னுதான சொன்னீங்க?"

"ராஜுலு, கிருபா எந்த நேரத்துலயும் வருவாங்க. அந்தம்மா சோறு தண்ணி எறங்காமக் கெடக்கறது எந்த வார்த்தையால? அதையே நீ நெஞ்சுல ஒட்டிக்கிட்டு வந்து நிக்கறே."

சுந்தரராஜுலு குனிந்து தன் நெஞ்சைப் பார்த்துக்கொண்டான். கறுப்புப் பனியன். அதில் மஞ்சள் எழுத்து, கொட்டைக் கொட்டையாக: 'சாவறதுன்னாலும் மெதுவாச் சாவுங்க மாமா.'

காந்திபுரத்தில் ஒரு பேக்கரியின் மாடியில் இருக்கிறது பாத்திமுத்து துப்பறியும் நிலையம். மாப்பிள்ளை குடிப்பானா, பெண் வேறு யாரையாவது விரும்புகிறாளா என்று விசாரித்துச் சொல்வதுதான் அவளுக்கு அன்றாடப் பிழைப்பு. கொலை கொள்ளை எல்லாம் போலீஸ் பார்த்துக்கொள்ளும். ஆனால் கிருபாவின் வழக்கு இரண்டிலும் சேராதது. அவளுடைய வாயிலிருந்து வரப்போகும் சொல்லை, அது வருவதற்கு முன்பே யாரோ திருடியிருந்தார்கள்.

சிங்காநல்லூரில் பெண்களுக்கு மட்டும் கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளி நடத்துகிறவள் கிருபா. மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், புதிதாகச் சேர்ந்த தேஜா என்ற பெண், குளக்கரை வளைவில் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்துவிட்டு ஆக்சிலேட்டரை மிதித்தாள். பக்கத்தில் இருந்த கிருபா தன் பக்கத்து பிரேக்கை மிதித்துக்கொண்டே அலறினாள்: "சாவறதுன்னாலும் மெதுவாச் சாவுங்க கண்ணு!"

மேப் பார்ப்பதற்கென்று தேஜா மாட்டியிருந்த போன் அதைப் படம் பிடித்துவிட்டது. ராத்திரிக்குள் ஊர் முழுக்க அதுதான். உயிர் போகிற பயத்திலும் 'ங்க' போட்டு, 'கண்ணு' என்று கொஞ்சித் திட்டுகிற டீச்சரம்மாவைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள். ஆட்டோ முதுகில் எழுதினார்கள். மெட்டுப் போட்டார்கள். கல்யாண வீட்டில் ஐஸ்கிரீம் வரிசையில் முட்டி மோதியவர்களைப் பார்த்துச் சொன்னார்கள்.

மறுநாள் எவனோ ஒருவன் 'வாரச்சந்தை'யைத் தோண்டி எடுத்தான். வெள்ளிக்கிழமைதோறும் அந்த வாரம் இணையத்தில் ஓடியதையெல்லாம் கூறு போட்டுக் காட்டி, அடுத்த வாரம் எது ஓடும் என்றும் ஆரூடம் சொல்கிற பக்கம் அது. நடத்துகிறவன் மனோஜ்குமார். கிருபா அலறியதற்கு முந்திய வெள்ளிக்கிழமை அதில் இப்படி இருந்தது: 'அடுத்த வாரச் சரக்கு: மெதுவாச் சாவுங்க! இந்த வார்த்தையை ஞாபகம் வெச்சுக்குங்க.'

அவ்வளவுதான். சிரித்த கூட்டம் அப்படியே திரும்பிக்கொண்டது. எல்லாம் முன்கூட்டியே பேசி வைத்த நாடகம், பார்வைக்கு அலைகிற பொம்பளை, சாவை வைத்துப் பிழைக்கிறவள் என்று கரித்துக் கொட்டினார்கள். படிக்க வந்த பெண்கள் நின்றார்கள். பயிற்சி வண்டியில் வித்தை காட்டியதாகப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் புகார் போனது. லைசென்ஸ் ஊசலாடியது.

கணவன் பிரவின்குமாரோடு பாத்திமுத்துவைப் பார்க்க வந்தபோது கிருபாவால் கோர்வையாகப் பேச முடியவில்லை. "மாமா, நீங்க சொல்லுங்க" என்று ஒவ்வொரு கேள்வியையும் அவன் பக்கமே தள்ளினாள். அவனும் பொறுமையாக எல்லாவற்றையும் சொன்னான். அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டான், தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினான். அவர்கள் படியிறங்கிய பிறகு பாத்திமுத்து சொன்னாள்: "இத்தனை வருஷத்துல எத்தனையோ மாப்பிள்ளைகளை விசாரிச்சுட்டேன் ராஜுலு. பொண்டாட்டிக்கு மூடி திறந்து கொடுக்கறவனை இப்பத்தான் பார்க்கறேன்."

அதன் பிறகு எல்லாம் முட்டுச்சந்து. தேஜா கொடுத்த முகவரி பொய். போன் அணைந்து கிடந்தது. மனோஜ்குமாரை நேரில் பார்த்துக் கேட்டதற்கு, "சரக்கு எந்தத் தோட்டத்துல வெளஞ்சுதுன்னு யாவாரி சொல்லுவானுங்களா?" என்று பல்லைக் காட்டிவிட்டான்.

இந்த நிலையில்தான் ராஜுலு பனியனோடு வந்து நின்றான்.

"ஒப்பணக்கார வீதி பிளாட்பாரத்துல தக்காளி மாதிரி கூறு கட்டி விக்கறாங்க அக்கா. பாதி விலை. ஏன்னா மிஸ் பிரிண்ட்டு. 'கண்ணு'ன்னு வரோணும், 'மாமா'ன்னு அடிச்சுத் தொலைச்சுட்டாங்க."

பாத்திமுத்து எழுந்து வந்து, எழுத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"நீ தமிழ்ல எவ்வளவு மார்க்கு?"

"பாஸுங்க. அதுக்கு மேல கேட்டு அசிங்கப்படுத்தாதீங்க."

"கண்ணுன்னு எழுதத் தெரியாதவன் எப்படி எழுதுவான்?"

"ரெண்டு சுழி போட்டு 'கன்னு'ன்னு எழுதுவான். பசி நேரம்னா ஒண்ணு ரெண்டு சுழி, ஒண்ணு மூணு சுழி."

"மாமான்னு எழுதுவானா?"

ராஜுலு மறுபடியும் குனிந்து தன் நெஞ்சைப் படித்தான்.

"சுழி தவறினா அது கைப்பிழை. கண்ணு போயி மாமா வந்து உக்காரோணும்னா அதுக்குக் கை தவறினாப் பத்தாது ராஜுலு. ஆளே மாறோணும்." பாத்திமுத்து கைப்பையை எடுத்தாள். "உனக்கு வித்தவன் எங்க வாங்கினானாம்?"

"திருப்பூரு. காதர்பேட்டையில."

"கெளம்பு. கிருபாகிட்ட இங்க வர வேண்டாம், சாயங்காலம் நாங்களே மைதானத்துக்கு வாரோம்னு சொல்லிப்போடு."

"அப்ப பனியனைக் கழட்ட வேண்டாமுங்களா?"

"வேண்டாம். இன்னிக்கு அதுதான் நமக்கு அடையாள அட்டை."

திருப்பூர் பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்துகொண்டு ராஜுலு போனைத் தடவினான். முந்தின நாள் வெள்ளிக்கிழமை. வாரச்சந்தை கூடிவிட்டிருந்தது. "இந்த வாரம் பாருங்க அக்கா, மனோஜ்குமார் என்ன ஆரூடம் சொல்றான்னு. 'அடுத்த வாரச் சரக்கு: சிரிச்ச வாயெல்லாம் அழப் போகுது.' வெங்காயம் வெலை ஏறப் போகுதோ என்னமோ."

பாத்திமுத்து சிரிக்கவில்லை. போனை வாங்கி அந்த வரியை இன்னொரு முறை படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

காதர்பேட்டையில் விசாரித்துக்கொண்டே போனதில், ஒரு சந்துக்குள் உமர் பாரூக்கின் அச்சுப் பட்டறை கிடைத்தது. மேலே கொடி கொடியாக ஈரப் பனியன்கள் தொங்கின. கீழே நீள மேசைகளில் பையன்கள் அச்சுச் சட்டத்தின் மேல் சாயத்தை இழுத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். உமர் பாரூக் வெள்ளைச் சட்டையில் ஒரு பொட்டுச் சாயம் இல்லாமல் நடுவில் நின்றுகொண்டிருந்தார்.

"ஏனுங்க, ஒரு விசேஷத்துக்குப் பனியன் அடிக்கோணுமுங்க," என்றாள் பாத்திமுத்து.

"தாராளமா அடிச்சுரலாம். வாங்க, உக்காருங்க…" என்றவர் ராஜுலுவின் நெஞ்சைப் பார்த்ததும் தலையில் கை வைத்தார். "அடடா, அந்த லாட்டு கோயமுத்தூரு வரைக்கும் வந்துருச்சா?"

"அதான் யோசனையா இருக்குதுங்க. இத்தனை மிஸ் பிரிண்ட்டு ஆகற பட்டறையில எப்படிக் கொடுக்கறதுன்னு…"

உமர் பாரூக்கின் முகம் சிவந்துவிட்டது. "மிஸ் பிரிண்ட்டா? ஏனுங்க அம்மணி, டிசைன்ல என்ன வந்துச்சோ அதைத்தான் அடிச்சோம். மாமான்னு வந்துச்சு, மாமான்னு அடிச்சோம். அப்பறம் திடீர்னு போன் பண்ணி, 'பாய், வார்த்தை மாறிப்போச்சு, கண்ணுன்னு போட்டு வேற அடிங்க, நாளைக்கே வேணும்'னா நான் என்னங்க பண்ணட்டும்? பழைய லாட்டைக் கழிவு வெலைக்குச் செகண்ட்ஸ்ல தள்ளிப்போட்டேன்."

"யாருங்க அப்படிச் சொன்னது?"

"வாரச்சந்தைத் தம்பிதான். மனோஜ்குமார். எப்பவும் நம்மகிட்டத்தான் அடிப்பாரு."

பாத்திமுத்து ஈரப் பனியன்களைப் பார்ப்பது போலத் திரும்பிக்கொண்டு, சாதாரணமாகக் கேட்டாள். "வேற அடிக்கச் சொன்னது ஞாயித்துக்கெழமை ராத்திரியோ?"

"ஆமாங்க. நான் மண்டபத்துல பாத்திரம் எண்ணிக்கிட்டு இருந்தேன். எப்படிச் சரியாச் சொல்றீங்க?"

"அப்ப முதல் லாட்டு அன்னிக்குப் பகல்ல அடிச்சதா?"

"அன்னிக்கு எப்படிங்க அடிப்பேன்? உடுமலையில என்ற மச்சினனுக்கு நிக்காஹ். பட்டறையைப் பூட்டிப்போட்டு மொத்தப் பேரும் அங்கதான் இருந்தோம். சனிக்கெழமையே அடிச்சு முடிச்சாச்சு." சந்தேகப்படுகிறார்களோ என்று அவருக்கே ரோஷம் வந்து போனை எடுத்துக் காட்டினார். "இந்தப் பாருங்க, மத்தியானப் பந்தி."

கல்யாண வீடியோ. தலைக்கு வெள்ளைத் தொப்பி, கையில் பிரியாணித் தட்டு, உடம்பில் கறுப்புப் பனியனோடு அச்சுப் பட்டறைப் பையன்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையைத் தாண்டும்போது ஒவ்வொருவனும் நெஞ்சை நிமிர்த்தி எழுத்தைக் காட்டினான். மாப்பிள்ளை வெட்கத்தில் பூமாலைக்குள் முகத்தைப் புதைத்தான்.

"லாட்டுல இருந்து ஆளுக்கொண்ணு உருவிக்கிட்டானுங்க. புது மாப்பிள்ளை இவனுகளுக்கெல்லாம் மாமா முறையாம். கிண்டல் பண்ணறானுகளாம்."

ராஜுலு மெதுவாகக் கணக்குப் போட்டான். பந்தி ஞாயிறு மத்தியானம். கிருபா அலறியது அன்று சாயங்காலம். அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே அந்தச் சொல் உடுமலையில் பிரியாணி பரிமாறிக்கொண்டிருந்தது.

"அந்த வீடியோவை எனக்கும் அனுப்புங்க பாய்," என்றான் அவன். "ரொம்ப… ரொம்ப மங்களகரமா இருக்குது."

திரும்பும் பஸ்ஸில் அவிநாசி தாண்டியதும் ராஜுலு பொங்கிவிட்டான்.

"ஏமாந்துட்டோம் அக்கா. சொல்றதுக்கு முன்னாடியே பனியன் ரெடின்னா, சொல்லப் போறவங்களுக்குத் தெரியாமயா இருக்கும்? ஊரு சொன்னதுதான் நெசம். ஒத்திகை பார்த்திருக்காங்க. ஒத்திகையில மாமா, மேடையில கண்ணு. நம்மகிட்ட வந்து அழுததும் நடிப்பு. நாமளும் வடை வாங்கிக் கொடுத்து…"

வாடிக்கையாளர் பொய் சொல்வது பாத்திமுத்துவுக்குப் புதிதில்லை. ஆனால் அன்றைக்கு அலுவலகத்தில் கிருபா அழுதபோது அவள் தன்னை மறந்து அவளுடைய முதுகைத் தடவிக் கொடுத்திருந்தாள். அந்தக் கை இப்போது கூசியது.

"கிருபா வீடியோவைப் போடு. சத்தம் வேண்டாம்."

சிரிப்பு, மெட்டு, கைதட்டல் எதுவும் இல்லாமல் அவள் அதை முதல் முறையாகப் பார்த்தாள். சத்தமில்லாமல் பார்த்தால் அதில் வேடிக்கை ஒன்றும் இல்லை. ஒரு பெண்ணின் கை எதிரே இருந்த பலகையைப் பிராண்டுகிறது. வண்டி நிற்கிறது. வண்டி நின்ற பிறகும் அவள் கால் பிரேக்கை விடவில்லை.

"ராஜுலு, நீ ஒரு நாடகம் எழுதறே. டீச்சரம்மா, வண்டி ஓட்டற சின்னப் பொண்ணைப் பார்த்துக் கத்தோணும். என்ன சொல்லிக் கத்தறதா எழுதுவே?"

"கண்ணுன்னு எழுதுவேன். இல்லைன்னா அம்மணி."

"மாமான்னு?"

"மீசை வெச்ச பொண்ணா இருந்தாத்தான்…" என்று ஆரம்பித்தவன் சட்டென்று நிறுத்திக்கொண்டான்.

"இதை எவனும் எழுதலை. மனோஜ்குமார்கிட்ட ஒரு ஆளு, தன் காதுல விழுந்ததை அப்படியே ஒப்பிச்சிருக்கான். நெசமா அவகிட்டக் கேட்ட வார்த்தை. அதுல மாமா இருந்துச்சு, அதனால பனியன்லயும் மாமா வந்துச்சு. ஞாயித்துக்கெழமை அவ கண்ணுன்னு மாத்திச் சொல்லவும்தான் ராத்திரியோட ராத்திரியா வேற அடிக்கச் சொல்றான்." பாத்திமுத்து ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு கேட்டாள். "கிருபா யாரை மாமாம்பாங்க?"

ராஜுலு பையிலிருந்த சட்டையைப் பனியனுக்கு மேல் போட்டு, பொத்தான்களைக் கழுத்துவரை மாட்டிக்கொண்டான்.

மைதானத்தில் பள்ளியின் கார் மட்டும் நின்றது. கற்றுக்கொள்ள ஒருவரும் வரவில்லை. கிருபா தன் வழக்கமான இடது பக்க இருக்கையில் உட்கார்ந்து, ஓடாத வண்டியில் எதிரே பார்த்துக்கொண்டிருந்தாள். பிரவின்குமார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். இவர்களைக் கண்டதும் துணியைப் போட்டுவிட்டு ஓடி வந்தான்.

"ஏதாச்சும் துப்புக் கெடச்சுதுங்களா? வெயிலா இருக்குது, வண்டிக்குள்ளயே உக்காந்து பேசிருவோம்." அவனே பின் கதவைத் திறந்துவிட்டான். அவன் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்ததும், ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த தன் போனை ஒருமுறை தொட்டுச் சரி செய்துகொண்டான்.

பாத்திமுத்து முன்னால் சாய்ந்தாள். "அம்மணி, ஒரே ஒரு கேள்வி. அந்த வார்த்தையை நீங்க முதமுதல்ல யாருகிட்டச் சொன்னீங்க?"

கிருபா எதிரே பார்த்தபடியே சொன்னாள்.

"எனக்கு ஒரு அண்ணன் இருந்துச்சுங்க. சின்னான்னு பேரு. சத்தி ரோட்டுல பைக்குல போயி… வளைவுல. வேகம். நான் அப்ப படிச்சுக்கிட்டிருந்தேன். கல்யாணம் ஆன புதுசுல இவரு என்னை உக்கார வெச்சுக்கிட்டு அதே ரோட்டுல, அதே வளைவுல பறக்கறாரு. இவருக்குத் தெரியாது பாவம். பயத்துல வாயில வந்ததைச் சொல்லிப்போட்டேன். சாவறதுன்னாலும் மெதுவாச் சாவுங்கன்னு. வண்டியை நிறுத்திட்டாரு. அன்னிக்குத்தான் அண்ணனைப் பத்தி இவருகிட்டச் சொன்னேன். புளியமரத்தடியில உக்காந்து ரெண்டு பேரும் அழுதோம். வண்டி ஓட்டச் சொல்லிக் கொடுக்கோணும்னு எனக்குத் தோணினதே அன்னிக்குத்தானுங்க."

"அதுக்கப்பறம் யாருகிட்டச் சொன்னீங்க?"

"வெளிய யாருகிட்டயும் இல்லீங்க. எப்பவாச்சும் இவரு வேகம் எடுத்தா மட்டும், பின்னால இருந்து காதுல சொல்லுவேன். சாவறதுன்னாலும் மெதுவாச் சாவுங்க மா…"

நின்றுவிட்டாள்.

பாத்திமுத்து ராஜுலுவைப் பார்த்தாள். அவன் சட்டைப் பொத்தான்களைக் கழற்றினான். கிருபா திரும்பி, மஞ்சள் எழுத்தைப் படித்தாள். மறுபடியும் படித்தாள்.

"இது சனிக்கெழமையே அச்சானதுங்க," என்றாள் பாத்திமுத்து. "நீங்க கத்தினதுக்கு முந்தின நாள்."

அதற்குப் பிறகு கிருபா பனியனைப் பார்க்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த தன் புருஷனின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கைகள் வெளுத்துப் போயிருந்தன.

"கெட்ட எண்ணம் எதுவும் இல்ல கிருபா," என்றான் பிரவின்குமார். "நம்ம ஸ்கூலு பக்கத்துல எத்தனை வீடியோ போட்டிருப்பேன்? கிளட்ச்சு, கியருன்னு நீ உசுரைக் கொடுத்துச் சொல்லிக் கொடுப்பே. பார்க்கறது யாரு? நானும் நீயும் உங்கம்மாவும். எனக்கு ஆத்தாமையா இருக்காதா? மனோஜ் என்கூடப் படிச்சவன். உன்ற சம்சாரம் கோவத்துல என்ன சொல்லும்னு கேட்டான். சொன்னேன். விழுந்து விழுந்து சிரிச்சான். இது ஓடும்டான்னான்."

"சிரிச்சாரா," என்றாள் கிருபா.

"ஒருக்கா ஓடிட்டாப் போதும், உன்னை எல்லாருக்கும் தெரிஞ்சுரும்னுதான்… தேஜா மனோஜோட ஆளுதான். நல்லா ஓட்டத் தெரிஞ்ச பொண்ணு. ஆபத்தே இல்ல கிருபா, சத்தியமா."

"எனக்குத் தெரியாதே மாமா," என்றாள் அவள், மிகவும் மெதுவாக. "அவளுக்கு ஓட்டத் தெரியும்னு எனக்குத் தெரியாதே."

அவனால் நிமிர முடியவில்லை. "அவன் வெள்ளிக்கெழமையே போட்டுத் தொலைப்பான்னு நான் நெனைக்கலை. உன்னைத் திட்ட ஆரம்பிச்சதும் என்னால தூங்க முடியலை. அதான் மறுபடி மனோஜ்கிட்டயே பேசி, சரி பண்ணிரலாம்னு…"

"எப்படிச் சரி பண்ணுவீங்க?" இது பாத்திமுத்து. சிரிச்ச வாயெல்லாம் அழப் போகுது என்ற வரி அவளுக்கு அந்த நிமிஷம்தான் முழுசாகப் புரிந்தது. அவள் கண் ஸ்டியரிங்குக்குப் பக்கத்துக்குப் போனது. மேப் பார்க்க மாட்டிய போன், ஓட்டுகிறவனுக்கு முகத்தையல்லவா காட்ட வேண்டும்? இது முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது.

"ராஜுலு, அந்தப் போனைத் திருப்பு."

பிரவின்குமார் தடுப்பதற்குள் ராஜுலு கையை நீட்டித் திருப்பிவிட்டான். திரையில் ஒரு சிவப்புப் புள்ளி. அதன் பக்கத்தில் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. அதுவரை அது பிடித்துக்கொண்டிருந்தது கிருபாவின் முகத்தை, கன்னத்தில் வழிந்த கண்ணீரோடு.

"அண்ணன் கதையை எடுத்துட்டு இருந்தீங்களா?" என்றாள் கிருபா.

"அதைக் கேட்டா எல்லாம் மாறிரும் கிருபா! உன்னை டிராமான்னு திட்டின அத்தனை பேரும் அழுவாங்க. உங்கிட்ட மன்னிப்புக் கேப்பாங்க. நான் கேட்டா நீ கேமரா முன்னாடி சொல்ல மாட்டே. இவிய கேட்டாச் சொல்லுவேன்னு தெரியும். அதுக்குத்தான இவியகிட்டக் கூட்டிக்கிட்டு வந்ததே…"

மூடி திறந்து கொடுத்த தண்ணீர் பாட்டில், மடியில் வைத்த கைப்பை, பொறுமையான பதில்கள் எல்லாம் பாத்திமுத்துவின் கண்முன் வரிசையாக வந்து போயின. அவள் தோண்டித் துருவிக் கேட்ட கேள்வியே அவனுக்கு வேண்டியிருந்த காட்சி. துப்பறிந்தது அவள்தான். சரக்கை எடுத்துக் கொடுத்ததும் அவள்தான்.

கிருபா போனை எடுத்தாள். பதிவை நிறுத்தினாள். எங்கே அழிப்பது என்று தெரியாமல் தடுமாறி, ராஜுலுவிடம் நீட்டினாள். அவன் அழித்து, அழித்தது கிடக்கும் தொட்டியிலிருந்தும் அழித்துத் திருப்பிக் கொடுத்தான். அவள் அதைக் கணவன் மடியில் வைத்தாள்.

"எறங்கு," என்றாள்.

பிரவின்குமார் கேட்காதவன் போல விழித்தான். கல்யாணமான நாளிலிருந்து அவனை அவள் அப்படி 'ங்க' போடாமல் சொன்னதில்லை. பின்னால் இருந்த இருவரும் அவனுக்கு முன்னால் இறங்கிவிட்டார்கள்.

"கிருபா, நான் சொல்றதை ஒரு நிமிஷம்…"

"எறங்கு பிரவின்குமார்."

அவன் இறங்கினான். அவள் இந்தப் பக்கம் வந்து ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, இருக்கையை முன்னுக்கு இழுத்து, கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பிவைத்து, பெல்ட் போட்டுக்கொண்டாள். ஆளே இல்லாத மைதானத்திலும் இண்டிகேட்டர் போட்டுத்தான் வண்டியைத் திருப்பினாள். வண்டி பெரிய ரோட்டில் ஏறும் வரை மூன்று பேரும் மைதானத்தில் நின்று பார்த்தார்கள்.

"மேடம்," என்றான் பிரவின்குமார். உண்மையாகவே அழுதுகொண்டிருந்தான். "அவ எங்க போறான்னு பார்த்துச் சொல்லுவீங்களா? என்ன வேணாலும் தாரேன்."

"ஒரே கேஸுல ரெண்டு பக்கமும் நாங்க வேலை பார்க்கறதில்லீங்க," என்றாள் பாத்திமுத்து. அதற்கு மேல் ஒரு சொல் சேர்க்காமல் நடந்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை வாரச்சந்தை வழக்கம்போலக் கூடியது. அழுகையைப் பற்றிய பேச்சே அதில் இல்லை. யாரோ ஒருவருடைய எருமை, தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கி வெளியே வர மறுத்த வீடியோதான் அந்த வாரம் முழுக்க ஓடியதாம். டீச்சரம்மாவை எல்லோரும் மறந்துகொண்டிருந்தார்கள். ஞாபகம் வைத்திருந்த சிலரும் நாடகக்காரி என்றுதான் ஞாபகம் வைத்திருந்தார்கள்.

கிருபா சத்தியமங்கலத்தில் அம்மா வீட்டிலிருந்து போன் செய்தாள்.

"அந்த ஆளே, பிரவின்குமார்தான், போக்குவரத்து ஆபீசுக்குப் போயி, எல்லாம் நான் பண்ணினதுன்னு எழுதிக் கொடுத்துருச்சுங்க. நீங்க அனுப்பின கல்யாண வீடியோவையும் பார்த்துட்டு, புகாரை முடிச்சுட்டாங்க. லைசென்ஸ் இருக்குது. இங்கயே ஸ்கூலு ஆரம்பிக்கலாம்னு இருக்கேன்."

ராஜுலு பாத்திமுத்துவின் கையிலிருந்து போனை ஏறக்குறையப் பிடுங்கினான். "அம்மணி, எங்கிட்டப் பந்தி வீடியோ இருக்குது, பனியன் இருக்குது, பாய் சாட்சி இருக்காரு. நீங்க ஊங்கறதுதான் பாக்கி. மனோஜ்குமார் கடையை ஒரே நாள்ல இழுத்து மூட வெச்சுருவேன். நீங்க நடிக்கலைன்னு ஊருக்கே தெரிஞ்சுரும்."

மறுமுனையில் ஏதோ பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. பிறகு கிருபாவின் குரல்.

"வேண்டாமுங்க. நான் நடிக்கலைன்னா, அப்ப எதுக்கு அப்படிக் கத்தினேன்னு கேப்பாங்கல்லங்க? டிராமான்னே நெனச்சுக்கட்டும். டிராமாவா இருந்தா அதுக்குள்ள எங்கண்ணன் இல்லீங்க."

ராஜுலு போனைப் பாத்திமுத்துவிடம் கொடுத்துவிட்டு, கீழே பேக்கரிக்குப் போகிறேன் என்று இறங்கிப் போனான். அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டு, "செரிங்க அம்மணி" என்றாள்.